வாசலில் நின்ற செல்வி

பெண்ணிய நோக்கில், எல்லாரும் பேசும்படி கூட்டம் நடத்த நான்கு நாள் பயிற்சி பெற்ற ஆண் நான். காவாந்தண்டலத்தில் ஒரு நிலக்காரர் வீட்டுக் கூடத்தில் வாரந்தோறும் பெண்களை வட்டமாக உட்காரவைத்தேன். கூலி வேலை செய்யும் செல்வி மட்டும் வாசலிலேயே நின்றார். வாயே திறக்கவில்லை. யாருக்கோ உளவு பார்க்கிறாரோ என்று மூன்று வாரம் சந்தேகப்பட்டேன்.

நான்காம் வாரம் தனியே கேட்டேன். “ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?”

“உன்மேல இன்னா சார் கீது? நான் பேச வேண்டியதே இந்த வூட்டுக்காரரப் பத்திதான். அவரு வூட்லயே குந்திக்கினு எப்டி பேசறது? அப்பால நடவுக்கு யாரு கூப்புடுவா?”

மின்விசிறிக்காக நான் கேட்டு வாங்கிய கூடம் அது.

அடுத்த கூட்டம் ஏரிக்கரையில். எனக்கு வியர்த்துக் கொட்டியது. செல்விதான் முதலில் பேசினார். இப்போதெல்லாம் யாராவது பேசாமல் நின்றால், நான் தேர்ந்தெடுத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.