செத்தும் தப்ப முடியாது

என் தங்கை காய்ச்சலில் செத்தாள் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். வில்லாபுரத்தில் புருஷன் வீட்டில் நான்கு நாள் உடம்பு அனலாகக் கொதிக்கக் கிடந்தாள். "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்று அவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் எனக்குப் போன் செய்தாள். நான் ஓடிப்போய் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் கையை விரித்துவிட்டார். போலீஸில், "காய்ச்சலுக்கு யார் மேலய்யா கேஸ் போடுறது?" என்றார்கள்.

அடக்கத்தின்போது போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றி, கடைசி நாளில் செத்தவர்கள் எல்லோரும் நியாயத்தீர்ப்புக்கு எழுந்து வருவதைப் பற்றிப் பேசினார். மற்றவர்கள் ஆறுதலுக்காகக் கேட்டார்கள். நான் கோர்ட்டில் வாய்தா தேதி கேட்பவனைப் போலக் கேட்டேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு அவள் புருஷன் ரோஜா மாலையோடு கல்லறைக்கு வந்தான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாப்ள, இவ எந்திரிச்சு வருவான்னு நம்புறீகளா?"

"என்ன மச்சான் இப்படிக் கேக்குறீக? அதுதான நம்ம விசுவாசம்."

"நானும் நம்புறேன். வந்ததும், 'நாலு நாளு என்னைய ஏன் அப்படியே போட்டு வச்சிருந்தீக'ன்னு ஒங்ககிட்டதான் கேப்பா. பதில யோசிச்சு வைங்க. நானும் கூடவே நிப்பேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. மாலையைப் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எந்த ஈஸ்டருக்கும் வரவில்லை.

மன்னித்துவிடு என்கிறார் போதகர். என்னால் ஆகவில்லை. அவள் எழுந்து வருவாள். அவனும் எழுந்தாக வேண்டும். செத்தும் அவன் தப்ப முடியாது என்று நினைக்கும்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.