எறும்பு காட்டிக்கொடுத்த சர்க்கரை

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். துபாயிலிருந்து வந்து, நிக்காஹ் முடிந்த கையோடு நானும் போனேன். மாமியின் விருந்தில் மயங்கிக் கிடந்த நாட்கள் அவை. காலை எது, மாலை எது என்றே நினைவில்லை. திடீரென்று ஒரு நாள் மாமியின் முகம் மாறிவிட்டது. நான் சிறுநீர் கழித்துவிட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்த்திருக்கிறது. தண்ணீர் ஊற்றியும் போதவில்லை.

"சீனி வியாதியை மறைச்சுக் கட்டி வச்சிட்டாகளே, யா அல்லாஹ்!" என்று அடுக்களையில் மாமி அழுதது கூடம்வரை கேட்டது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துபாயில் பதினேழாம் மாடியில் எறும்பு ஏது? எனக்கே தெரியாததை எப்படி மறைப்பேன்? ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், இவள் நம்பினால் போதும் என்றிருந்தது.

இருவரும் திருநெல்வேலிக்கு டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. சிறுநீரில் மட்டும் கொட்டிக் கிடந்தது. டாக்டரம்மா சிரித்தார்.

"பயப்படாதீய. கிட்னி வடிகட்டும்போது எல்லாருக்கும் சர்க்கரை கூடவே வடிஞ்சிரும். அங்கன இருக்க செல்லுகதான் உப்போட சேர்த்து அதை உள்ள இழுத்து, மறுபக்கமா ரத்தத்துக்கு அனுப்பும். இவருக்கு அந்தப் பிடி பிறவியிலேயே கொஞ்சம் தளர்ச்சி. அவ்வளவுதான், வியாதி இல்ல."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கண் சொருகியது. ஸ்ரீவைகுண்டத்து வாழைகள் பச்சையாய் ஓடிக்கொண்டிருந்தன. அரைத் தூக்கத்தில் எனக்குள்ளேயே போய்விட்டேன். கண்ணுக்குத் தெரியாத குழாயில் வெதுவெதுப்பாக நீர் போகிறது. சுவரெல்லாம் செல்கள், பூந்துவாலை போல மெல்லிய இழைகளோடு. உப்பு உள்ளே நுழைய, அதன் கையைப் பிடித்துக்கொண்டு சர்க்கரையும் நுழைகிறது. மறுபுறம் வேறொரு வாசல். அதன் வழியே சர்க்கரை தனியாக ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. என் செல்களோ பாதியைக் கோட்டை விடுகின்றன. பாவம், அவையும் பிறந்ததிலிருந்து முடிந்தமட்டும் இழுத்துக்கொண்டுதானே இருக்கின்றன என்று தோன்றியது.

"தூங்கிட்டியளா?"

கண்ணைத் திறந்தேன். மனைவி அழுதிருந்தாள்.

"சீனி இருந்தா இருந்துட்டுப் போவுது, எங்க வாப்பாவுக்கும்தான் இருக்கு. எங்கிட்ட மறைச்சுட்டியளோன்னுதான் மனசு ஆறல."

"அப்போ எங்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

அவள் வெளியே பார்த்தாள்.

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? பொறவு நான் என்ன செய்வேன்?"