பெரியம்மாவின் மூன்றுசில்லு வண்டி

ஊர்ச் சபைக் கந்தோரில் என் பெரியம்மாவுக்கு ஒரு மூன்றுசில்லு வண்டி கொடுத்தார்கள். கையால் சுற்றி ஓட்டுவது. அதில் அதிகம் ஓடியவள் நான்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. கலியாணம் செய்யாமல் எங்களோடு இருந்தவர். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. வண்டி வந்த அன்று வாசல் படலைவரை ஒருதடவை ஓட்டிப் பார்த்தார்.

"மச்சாள், ஒழுங்கை முழுக்கக் கல்லு. மழை முடியட்டும்," என்றார் ஐயா, என் அப்பா.

மழை முடிய, எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கும் காலம் வந்துவிட்டது. பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காத வருடங்கள் அவை. லொறிகள் எல்லாம் படுத்துவிட்டன. ஐயா வண்டியின் பின்புறத்தில் மூட்டை ஏற்ற ஒரு பலகையைக் கட்டினார். ஐயா சைக்கிளில் ஒரு மூட்டையுடன் முன்னே போக, ஒன்பது வயது மகாராணியாக நான் பெரியம்மாவின் இருக்கையில் ஏறியிருந்து சுன்னாகம் சந்தைக்குப் போய்வரத் தொடங்கினேன்.

பெரியம்மா வீட்டில் தனியே இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டுவார். நான் திரும்பி வந்ததும், "இண்டைக்கு என்ன புதினம் பிள்ளை?" என்று கேட்பார். எல்லாம் சொல்வேன். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் புளுகுவேன். தேத்தண்ணிக் கடை வாசலில், கூட்டுக்குள் நின்று போவோர் வருவோரை எல்லாம் ஏசும் கிளி அப்படிப் பிறந்ததுதான்.

ஒருநாள் சபையிலிருந்து உத்தியோகத்தர் வருகிறார் என்று தெரியவந்தது. பாவிக்காத வண்டிகளைத் திருப்பி எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுக்கிறார்களாம். வீடே பதறியது. ஐயா பலகையைக் கழற்றினார். நான் சில்லுகளில் சிக்கியிருந்த வெங்காயச் சருகைப் பிடுங்கினேன். அம்மா நல்ல சேலை உடுத்திவிட, பெரியம்மாவைத் தூக்கி வண்டியில் இருத்தினோம்.

உத்தியோகத்தர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "உந்த வண்டியிலை எங்கையெல்லாம் போறனீங்கள் அம்மா?"

ஐயாவின் முகம் வெளிறியது. பெரியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

"சுன்னாகம் சந்தைக்குப் போறனான்," என்றார் பெரியம்மா. "வெத்திலை விக்கிற மனிசியோடை கொஞ்சநேரம் கதைப்பன். பிறகு தேத்தண்ணிக் கடையடி நிழலிலை நிப்பன். அங்கை ஒரு கிளி நிக்குது தம்பி. எல்லாரையும் ஏசும். என்னை மட்டும் ஏசாது."

உத்தியோகத்தர் சிரித்தபடி எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கிளியைச் சபையே நம்பிவிட்டது!

ஐயா பலகையை எடுக்கப் போனார். பெரியம்மா இறங்கவில்லை. கைபிடியைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"அந்தக் கிளி இப்பவும் அங்கைதானே நிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் பெரியம்மா. இண்டைக்கும் பாத்துக்கொண்டு வந்து சொல்லுறன். இறங்குங்கோ, சந்தைக்கு நேரமாப் போச்சுது."

ஐயா தூக்கி இறக்கினார். நான் ஏறி இருந்தேன். படலை தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா நல்ல சேலையோடு நிலத்தில் அமர்ந்து, வெங்காயத்தை இழுத்துக் கட்டத் தொடங்கியிருந்தார்.

கிளி இல்லை என்பது எங்கே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அன்று எனக்கு. "நீங்களும் வாங்கோவன்" என்று கேட்க வேண்டும் என்பது தெரியவேயில்லை.