ஹாலிவெல் துரையின் அக்காள்

“மிஸ்டர் ஜோசையா ஹாலிவெல், ஐரோப்பியர், வணிகர், சாலைக் கடைத்தெரு” என்று 1933-ஆம் வருஷத்து நகர டைரக்டரி சொல்லிற்று. வணிகர் என்பதும் சாலைக் கடைத்தெரு என்பதும் சரி. மற்றபடி அவர் நாலு முழ வேட்டி கட்டி, ஆணியும் கொண்டியும் விற்ற கறுத்த மனிதர். ஒரு தரம் துரைமார் கிளப்பிலிருந்து விருந்துக்கு அழைப்பு வந்தது. போனார். துரை பின்னால் வண்டியில் வருகிறாரா என்று வாசல்காரன் இவரிடமே விசாரித்தான்.

தாத்தா சுடலைமுத்து. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த அப்பா வேதமாணிக்கம். அப்பாவும் அம்மாவும் ஒரே காலராவில் போய்விட, ஆறு வயது ராஜமணியை மிஷனின் ஆண்பிள்ளை ஹாஸ்டலும், அக்காள் அம்மிணியைத் தெற்கே எங்கோ ஒரு பெண்பிள்ளை ஹாஸ்டலும் எடுத்துக்கொண்டன. சீமையிலிருந்து எந்தப் புண்ணியவான் பணம் அனுப்பி ஒரு பிள்ளையைத் தாங்குகிறாரோ, அவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். ராஜமணி ஜோசையா ஹாலிவெல் ஆனான். அம்மிணி எலிசா வின்டர்பாட்டம் ஆகிவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். கூடப் பிறந்தவர்கள் என்று இனி எந்தப் பாதிரியாரும் சத்தியம் செய்ய மாட்டார்.

பிரிந்த அன்று அக்காள் கருப்பட்டியைப் பல்லால் உடைத்துப் பெரிய துண்டை இவன் கையில் வைத்தாள். முகம் மறந்துவிட்டது. கருப்பட்டி மறக்கவில்லை.

மகன் காலேஜில் சேர்ந்ததும் ஹாலிவெல்லை உதறிவிட்டுச் சுவாமிதாஸ் என்று மட்டும் எழுதத் தொடங்கினான். பக்கத்துக் கடைக் கோலப்பன் விடவில்லை.

“ஓய் துரை, மவனே நாட்டுக்காரன் ஆயாச்சு. ஒமக்கு எதுக்குவே இந்தச் சீமப் பேரு?”

“பலகைல இந்தப் பேரு இல்லேன்னா எங்க அக்கா எப்படிவே என்னயத் தேடி வருவா?”

அவள் வரவில்லை. தெற்கேயிருந்து வரும் ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் எலிசா வின்டர்பாட்டத்தைக் கேட்டார். 1938-இல் ஒருவர், “எங்க ஊரு டீச்சராக்கும்” என்றார். ஹாலிவெல் கடையை அப்படியே சாத்தினார். பழவங்காடிப் பிள்ளையாரைத் தாண்டும்போது, கிறிஸ்தவரானாலும், கை தானாகக் குவிந்தது.

டீச்சர் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கருப்பட்டிப் பொட்டலத்தை நீட்டினார்.

“அம்மிணியக்கா.”

“அம்மிணியா? எனக்கு வீட்டுல வச்ச பேரு பொன்னம்மையில்லா?”

“அப்போ எலிசா வின்டர்பாட்டம்?”

“அது ஹாஸ்டல்ல தந்தது. பணம் அனுப்புற அந்தச் சீமப் பாட்டிக்குப் பேரு காலியாக் கெடக்கப்பிடாதாம். முன்ன இருந்த அக்கா காய்ச்சல்ல போனா. அவ பாயும் பேரும் எனக்கு வந்துது.” அவர் முகத்தைப் பார்த்ததும் முறம் நின்றது. “அண்ணாச்சிக்கு அவ யாரு?”

“எனக்க அக்கா.”

பொன்னம்மை அவரை உட்காரச் சொன்னாள்.

“அவ போறதுக்கு முன்ன பக்கத்துப் பாயிலதான் நான் கெடந்தேன். கருப்பட்டி தந்தா பெரிய துண்டை எடுத்து ஒளிச்சு வைப்பா. எறும்பு மொய்க்கும். அடி வாங்குவா. தம்பி வருவான், தம்பி வருவான்னு சொல்லுவா.”

 கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று ஹாலிவெல் பொன்னம்மையைக் கேட்டார். ஒருவரும் இல்லை என்றாள்.

கடைப் பலகையில் பெயர் மாறவில்லை. மறு வருஷம் பொன்னம்மையின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சேலையை ஹாலிவெல் எடுத்துக் கொடுத்தார்.