தலைகீழாக எரிந்த மெழுகுதிரி

பிள்ளைகளே, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய சமயம் அது. சைகோன் பட்டாளத்திலிருந்து திரும்பிய உங்கள் பெரியப்பா, எங்கள் அம்மா இறந்த பிறகு வீட்டின் நடுவே சுவர் எழுப்பினார். கிணறு அவர் பக்கம் போயிற்று. உங்கள் அம்மா தெருமுனையிலிருந்து குடம் சுமந்தாள். அவளுடைய ஈர இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம், அவர் சாகவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். ‘அண்ணனை வெறுத்தேன் சாமி.’ வெள்ளைக்காரச் சாமியார் அபராதமாகச் செபம் சொல்லி, பாவப்பொறுத்தல் கொடுப்பார். நான் மனம் லேசாகி வெளியே வந்து, கோயிலுக்குப் பின்னால் மாதா சுரூபம் வைத்த கற்குகையான கெபியில் ஒரு மெழுகுதிரியைத் தலைகீழாக ஏற்றிவிட்டு வீடு திரும்புவேன். அப்படி ஏற்றினால், மெழுகு உருகுவதுபோல் எதிராளியும் உருகிப்போவான் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. வரிசையில் காத்திருக்கும்போதே மடிக்குள் கையை விட்டு, மெழுகுதிரியின் அடியை நகத்தால் கிள்ளித் திரியை எடுத்து வைத்துக்கொள்வேன். அதை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை.

பெரியப்பா இருமத் தொடங்கினார். சுவருக்கு அந்தப்பக்கம், என் தலைமாட்டில் யாரோ மரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்கும். வாரத்துக்கு வாரம் அந்த இருமல் மெலிந்தது. எனக்குப் பயம் பிடித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை, சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத்தொட்டியின் சல்லடையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். நான் வாயைத் திறக்குமுன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அண்ணனை வெறுத்தேன் சாமி.”

என் வார்த்தை, என் இழுப்பு.

“அதுதானே, மகனே? எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. உன் நகத்தில் இருக்கும் மெழுகு என்ன?”

எல்லாவற்றையும் சொன்னேன். “முதலில் அதை எடுத்து எறி. அண்ணனிடம் போ. பிறகு வா.” அன்று பாவப்பொறுத்தல் இல்லை.

கெபியில் இருட்டத் தொடங்கியிருந்தது. நான் போன வாரம் வைத்த கட்டை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தலைகீழாக இன்னொன்று. அணைந்திருந்தது, ஆனால் தொட்டால் மெழுகு இன்னும் இளஞ்சூடு. இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

சுவருக்கு அந்தப்பக்கம் இருமல் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. சுவர் எழுப்பிய பிறகு முதல்முறையாக அவர் வாசலுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. விளக்கேற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காலில் புது மண்.

“என்னடா, நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?”

“சத்தமே காணுமேன்னு வந்தேண்ணே.” அவர் காலைப் பிடித்துக்கொண்டு மெழுகுதிரி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. “இப்பத்தான் ஒனக்கு ஒண்ணு ஏத்திட்டு வர்றேன். எத்தன வாரம்டா! நான் இங்க ஓடாத் தேயிறேன், நீ கடா மாதிரி நிக்கிறே. என் திரிதான் மட்டம் போலருக்கு.”

“நாளைக்கு நீங்களும் சாமியார்ட்ட சொல்லிடுங்கண்ணே.”

“சொல்றேன். மொதல்ல ஒம் பொண்டாட்டியக் கெணத்துக்கு வரச் சொல்லு.”

உங்கள் அம்மா போனாள். “கயிறு பத்திரம், புதுசு” என்று அவர் சொன்ன தோரணையில் எனக்குப் பழைய வெறுப்பு அப்படியே திரும்பி வந்தது. அடுத்த சனிக்கிழமையும் மண்டியிட்டேன்.

“மறுபடியுமா?”

“மறுபடியும், சாமி.”

“மெழுகுதிரி?”

“இல்ல சாமி.”

பாவப்பொறுத்தல் கிடைத்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். நோய்தான் காரணம் என்றார் வைத்தியர். சுவரையும் இடித்தாயிற்று. இருந்தாலும் யார்மீதாவது கோபத்தோடு படுக்கும் நாளில் தலைமாட்டில் அந்தச் சுரண்டல் எனக்குக் கேட்கிறது. எழுந்து விளக்கடியில் போய் என் நகங்களைப் பார்த்துக்கொள்கிறேன்.