ஞாயிறு சாயங்காலச் செக்கிங்

என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளியே போகாது. பனியன் கம்பெனியில் பதிமூன்று வருடமாக எனக்குச் செக்கிங் வேலை. டியூப் லைட்டுக்குக் கீழே டி-ஷர்ட்டை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கைமடிப்பு என்று பார்ப்பேன். எண்ணெய்க் கறையோ, ஓட்டையோ, விட்டுப்போன தையலோ தெரிந்தால் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவேன். அதே கம்பெனியில் டெய்லராக இருந்தவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்கு ஏழு வயதானபோது பிரிந்தும் வந்தேன். செக்கிங் டேபிளில் ஒரே கேலி. "ஊர்ல உள்ள பனியனுக்கெல்லாம் குத்தம் சொல்லுதவ, மாப்பிள்ளைய மட்டும் எப்படிட்டி செக் பண்ணாம எடுத்த?" என்றாள் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மகள் என்னிடம் இருக்கட்டும், சனி சாயங்காலம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை அப்பாவிடம் இருக்கட்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். சொல்வது சுலபம். முதல் இரண்டு மாதம் பல்லடத்தில் அவர் வீட்டு வாசலில் வைத்துத்தான் பிள்ளையைக் கொடுத்து வாங்கினோம். கொடுக்கும்போது ஒரு சண்டை, வாங்கும்போது ஒரு சண்டை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்தத் தெருவே ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்கத்தான் வெளியே நின்றது. ஒருநாள் அவர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்ததில் பிள்ளையின் கவுன் தோளில் பிரிந்தது. அந்த நேரத்திலும் என் புத்தி, இந்த ஓவர்லாக் தையல் சரியில்லை என்றுதான் நினைத்தது. சீ, என்ன பிறவி நான்!

அதற்குப் பிறகு கவுன்சிலிங் மேடம் ஓர் ஏற்பாடு சொன்னார். இனி வீட்டு வாசல் வேண்டாம், பொது இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே அருள்புரத்தில் ஒரு பேக்கரியைப் பேசி வைத்தோம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் பிள்ளையை உள்டேபிளில் உட்கார வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிவிட வேண்டும். நான் தாண்டிய பிறகு அவர் வருவார். ஞாயிறு அவர் உட்கார வைத்துவிட்டுப் போவார், நான் வந்து கூட்டிக்கொள்வேன். நடுவில் ஐந்து, பத்து நிமிடம் பேக்கரிக்கார அண்ணன் பார்த்துக்கொள்வார். "நீங்க போங்க அம்மிணி, கண்ணு எங்கயும் போகாதுங்க" என்று ஒரு தேங்காய் பன்னை அவள் முன்னால் வைப்பார். பிள்ளை கைக்கு வந்ததும் வாங்கியவர் மற்றவருக்கு போனில் 'ஓகே' என்று அனுப்ப வேண்டும். எட்டு வருடம் ஒரே பாயில் படுத்த எங்களுக்குள் மிஞ்சிய பேச்சு அந்த ஒரு வார்த்தைதான்.

நான் ஓகே அனுப்புவதற்கு முன்னால் பார்ப்பேன். பார்க்காமல் எப்படி அனுப்புவது? பேக்கரி டியூப் லைட்டுக்கு நேராக அவளை நிறுத்தி, கையைத் தூக்கு, திரும்பு, முட்டியைக் காட்டு என்பேன். ஒரு கொசுக்கடி இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். ஆரம்பத்தில் முழங்கையில் ஒரு சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, படமெடுத்து, வக்கீலிடம் கொடுத்து, மனு வரைக்கும் கொண்டுபோனேன். அவர் மட்டும் சும்மா இருந்தாரா? பிள்ளை தலையில் பேன் இருக்கிறது, அம்மா கவனிப்பதில்லை என்று பதில் மனு போட்டார். ஒரு சனிக்கிழமை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அவரும் அதே லைட்டுக்குக் கீழே அவளை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சலாக வந்தது.

போகப் போக யாரும் சொல்லாமலே அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தானே ஒரு சுற்றுச் சுற்றுவாள். "ஒண்ணுமில்லீங்மா, பாத்துக்கங்க" என்பாள். அப்பா வீட்டுப் பேச்சு அவளுக்கு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெற்ற அம்மாவை 'ங்க' போட்டுப் பேசுவாள். கொசுக்கடிகூட இல்லாமல் வந்தாள். மனுவும் இல்லை, சண்டையும் இல்லை. கவுன்சிலிங் மேடம் எங்களைப் பாராட்டினார். நான் டேபிளில் வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் ஒரு சனிக்கிழமை அவள் லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கம்பெனியில் மிஞ்சிய சரக்கில் நான் வாங்கி வந்தது. "இந்த வேக்காட்டுல எதுக்குட்டி?" என்றேன். பிடித்திருக்கிறது என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை அதே லெக்கிங்ஸோடு திரும்பி வந்தாள். லைட்டுக்குக் கீழே நின்று சுற்றிக் காட்டினாள். நான் பக்கவாட்டுத் தையலைக்கூட இழுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் தைத்திருந்தார்கள். 'ஓகே' அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், காலை இழுத்து நடக்கிறாள், உடனே வாருங்கள் என்றார்கள். யூனிபார்முக்கு உள்ளேயும் அவள் கழற்றாமல் போட்டிருந்த லெக்கிங்ஸை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்திரியால் வெட்டித்தான் எடுத்தார். வலது கெண்டைக்காலில், உள்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குப் புண். துணி ஒட்டி, சீழ் வைத்திருந்தது. வண்டி சைலன்சர் சுட்ட புண்தான் என்றார் டாக்டர்.

"மூணு நாள், அஞ்சு நாள்கூட ஆயிருக்கும். கூட இருந்தவங்க யாருமே பாக்கலையா?" என்று கேட்டார்.

நான் நாளை எண்ணிப் பார்த்தேன். வியாழன், வெள்ளி என்னிடம் இருந்தாள். சனி ராத்திரி அவரிடம் இருந்தாள். அவரிடமும் வண்டி இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. கொஞ்ச நாளாக நானே குளித்துக்கொள்கிறேன் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று நான் அதற்கும் பூரித்தவள்.

சட்டப்படி அவருக்கும் சொல்ல வேண்டும், சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார், சட்டையெல்லாம் பஞ்சு. ஒரு வருடத்துக்குப் பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பாவி, உன் வண்டிதானே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவருக்கும் அப்படித்தான் வந்திருக்கும், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேரும் பிள்ளையைத்தான் கேட்டோம்.

"எங்கட்டி பட்டுச்சு? அம்மா திட்ட மாட்டேன், சொல்லு" என்றேன்.

"யாரு வண்டீல கண்ணு? பயப்படாத, அப்பங்கிட்டச் சொல்லு" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ரொம்ப நாளாக யோசித்து வைத்த பதில்போல நிதானமாகச் சொன்னாள்.

"உங்க ஊட்லயும் இல்லீங்மா, அப்பா ஊட்லயும் இல்லீங். பேக்கரீலதான். நீங்க போயிட்டீங்க, அப்பா இன்னும் வரலீங். அப்பப் பட்டுருச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஜன்னலைப் பார்த்து அழுதேன். மறுநாள் பேக்கரியில் போய்க் கேட்டதற்கு, "கொழந்த டேபிள உட்டு அசையவே இல்லீங்களே அம்மிணி, ஏனுங்க?" என்று அண்ணன் பதறினார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். யார் வண்டி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்டால் இன்னும் நல்லதாக ஒரு பொய்யைக் கண்டுபிடிப்பாள், அவ்வளவுதான்.

புண் ஆற மூன்று வாரம் பிடித்தது. அதுவரைக்கும் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து, உள்ளே வராமல், பார்த்துவிட்டுப் போனார். சண்டை போடவில்லை. பிறகு பழையபடி பேக்கரிதான், கோர்ட் சொன்ன நாள் மாறவில்லை. இனிமேல் அவளை லைட்டுக்குக் கீழே நிறுத்துவதில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்துகொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

பன்னைப் பாதி தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, நேராக டியூப் லைட்டுக்குக் கீழே போய் நின்று, இரண்டு கைகளையும் தூக்கினாள். பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி ஆறின தழும்பையும் காட்டினாள்.

"வேண்டாம் தாயி, வா போவோம்" என்றேன்.

அவள் அசையவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.

"ஓகே அனுப்புங்மா. அப்பா பாத்துட்டு இருப்பாங்க."

நான் போனை எடுத்து அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை இறக்கினாள்.