அடையாள வேலைநிறுத்தம்

மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் உழைத்த தெய்வசிகாமணி, இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சுவரொட்டிகளையும் பொட்டலத் தாள்களையும் பார்த்துத் தாமே எழுத்துக் கூட்டப் பழகினார். அப்படிக் கற்றதாலோ என்னவோ, அச்சடித்த எதையும் தூக்கிப் போட அவருக்கு மனம் வந்ததில்லை. எல்லாம் தேதி வரிசையில் ஒரு நீலப் பையில் இருந்தன.

சென்ற பங்குனியில் அவர் மனைவி சின்னப்பாப்பா, உப்புக் கூடையோடு வரப்பில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். திண்டிவனத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடக்காவிட்டால் மறுபடி நடப்பது கடினம் என்றார் மருத்துவர் அரவிந்தன். அரசுக் காப்பீட்டில் அனுமதி வந்தது. ஆறாம் நாள் என்று குறித்தார்கள்.

அன்று காலை மருத்துவமனை வாசற்கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தெய்வசிகாமணி விரல் வைத்து வாசித்தார்: 'காப்பீட்டுத் திட்டத்தின் நிபந்தனைகளை எதிர்த்து மருத்துவர்கள் இன்று அடையாள வேலைநிறுத்தம். காப்பீட்டு அட்டை நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை இல்லை.'

அடையாளம் அவருக்குப் பழகிய சொல். அடையாள அட்டை, அங்க அடையாளம். யாருடைய அடையாளத்திலோ சந்தேகம் வந்து வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். உடனே பேருந்தேறி ஊருக்குப் போய், நண்பகலில் நீலப் பையோடு திரும்பினார்.

காப்பீட்டு மேசைக்குப் பொறுப்பான கலைமதியிடம் குடும்ப அட்டை, ஆதார், உப்பளத் தொழிலாளர் நல வாரிய அட்டை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். பக்கத்தில் தள்ளுகட்டிலில் படுத்திருந்த சின்னப்பாப்பா வலியோடு தலையைத் திருப்பினார்.

"ஏன்யா, நம்ம கல்யாணப் பத்திரிகையும் எடுத்தாந்தியா?"

"இருக்குது."

கலைமதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே போய் அரவிந்தனை அழைத்து வந்தாள்.

"அடையாளம்னா அது இல்லீங்க," என்றார் அவர். "ஒரு நாள் மட்டும் எதிர்ப்பைக் காட்டறது."

"யாருக்குக் காட்டறீங்க?"

"அரசாங்கத்துக்கு. அவங்க வெச்ச ரேட்டு கட்டுப்படியாகல. எங்களைக் கேக்காமலே முடிவு பண்றாங்க."

"இங்க படுத்திருக்கிறது அரசாங்கம் இல்லீங்களே, சார்."

அரவிந்தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இது இன்னிக்கு நேத்து சண்டை இல்லீங்க. இங்கிலாந்துல எல்லாருக்கும் இலவச வைத்தியம்னப்போ டாக்டருங்கதான் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க. கனடாவுல ஒரு மாநிலத்துல அதே மாதிரி திட்டத்தை எதிர்த்து இருபத்து மூணு நாள் ஸ்டிரைக். இப்ப அந்தத் திட்டத்தைத் தொட்டா அங்க டாக்டருங்களே சண்டைக்கு வருவாங்க."

"அப்ப ஏன் எதிர்த்தாங்க?"

அரவிந்தன் சின்னப்பாப்பாவின் மருத்துவக் கோப்பை எடுத்துப் புரட்டினார்.

"சரி, இன்னிக்கு ஏன் செய்யலன்னு எழுதிக் குடுங்க."

மருத்துவர் எழுதினார்: 'அறுவைச் சிகிச்சை இன்று செய்யப்படவில்லை. காரணம்:' பேனா அங்கேயே நின்றது. காரணத்தைக் காலியாக விட்டுக் கையொப்பமிட்டார். "நாளைக்கு மொத ஆபரேஷன் இவங்களுக்குத்தான்."

சொன்னபடியே ஏழாம் நாள் செய்தார். நன்றாகவே செய்தார்.

இப்போது சின்னப்பாப்பா கோல் ஊன்றிக் குழாயடி வரை போய் வருகிறார். நேற்றும் தெய்வசிகாமணி மருத்துவர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேதி சரி, கையொப்பம் சரி, காரணம் மட்டும் காலி. தடுத்தவரும் அந்த மருத்துவர்தான், நடக்க வைத்தவரும் அவர்தான்.

"பென்சிலை வெச்சிக்கினு இன்னா எழுதப் போற?" என்றார் சின்னப்பாப்பா.

"அதான் தெரியல," என்றார்.